நிலுவைப் பிரிவு

பெயர் போடாத ஒரு துண்டுப் பிரசுரம்.
வயது இருநூற்று எழுபதுக்கு மேல்.
இறந்தவர்களும் வாடகை கட்டவேண்டும் என்கிறது.

ஆளுக்கு ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம்,
தேவாலய முற்றத்தில் இத்தனை ஏக்கர் நல்ல மண்
சும்மா படுத்திருப்பவர்களிடம் சிக்கிக் கிடக்கிறதே.
உயிரோடு இருந்தவரை ஒழுங்காகக் கட்டிய குத்தகைக்காரனுக்குச்
செத்ததும் எதற்கு இந்தச் சலுகை?
குழந்தைகளுக்கு மட்டும் அரைக் கட்டணம் போதும்.
(கருணை காட்டுகிறார்.)

இந்த வாதம் எப்படி வேலை செய்கிறது என்று
ஆயிரத்து ஐந்நூறு சொற்களில் எழுத வேண்டும்,
வெள்ளி நள்ளிரவுக்குள்.

லிமெரிக்கில் ஒன்பது நாளாக மழை.
ஷானன் ஆறு பாலத்தின் முழங்கால்வரை ஏறிவிட்டது.
சமையலறை மேசையில்
கெட்டிலுக்கும் மின்கட்டண ரசீதுக்கும் நடுவே
மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
நாற்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பு.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அல்டன் கை தூக்கினான்.
"கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?
இடம் என்றால் இடம்தான்."
யாரும் சிரிக்கவில்லை.
ஹெஷன் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
நெடுநேரம்.

எழுதுகிறேன்:
ஆசிரியர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை.
"தாழ்மையுடன்" ஒன்பது இடத்தில் வருகிறது.
எண்கள் வரவர மனிதர்கள் குறைகிறார்கள்.
இது அங்கதம்; அதிலும் பழிகரப்பு.
பழியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
சிரித்த முகத்தோடு கைகுலுக்குவது.

ஆதாரம் எங்கே என்று கேட்பார்களே.
மறுபடி படித்தேன்.
கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தது.
"என் தகப்பனாரும் அங்கேதான் கிடக்கிறார்.
முதல் தவணையை நானே கொண்டுவந்து கட்டுகிறேன்."

முழுப் பிரசுரத்திலும்
எண்ணே இல்லாத பத்தி அது ஒன்றுதான்.
எத்தனை அடி, எத்தனை பென்னி, எதுவும் சொல்லவில்லை.
அங்கே அவருக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும்.
நடுங்கியது என்று கட்டுரையில் எழுதக் கூடாது;
"தொனி மாறுகிறது" என்று எழுதினேன்.

பிறகு, அதே பணிவான குரலுக்கு
இந்தக் காலத்து உதாரணம் ஒன்று சேர்க்கலாமே என்று
அலுவலகக் கோப்பைத் திறந்தேன்.
பகலில் எனக்கு நகராட்சி வீட்டுவசதியில் வேலை.
கடிதம் எழுதுவேன்.

"அன்புள்ள திருமதி ப்ரீஜ் மொலோனி,
தங்கள் தாயார் காலமானதை அறிந்து வருந்துகிறோம்.
அவர் மறைந்த நாளுக்கும் சாவி ஒப்படைத்த நாளுக்கும் இடையே
பதினொரு நாள் வாடகை
அவர் பெயரில் நிலுவையில் உள்ளது.
விரைவில் செலுத்தித் தர
தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.
இப்படிக்கு,
ஃபிடெல்மா க்ராட்டி, நிலுவைப் பிரிவு."

கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
பிரசுரத்தை எழுதியவருக்கு ஓர் ஆசை இருந்திருக்கிறது,
படிக்கிற எவனாவது ஒருவன்
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழ வேண்டும் என்று.
என் கடிதத்தில்
எண்ணில்லாத வரி ஒன்று இருக்கிறது.
"வருந்துகிறோம்."
அதை நான் தட்டச்சு செய்ததுகூட இல்லை,
படிவத்திலேயே அச்சாகி வரும்.

ப்ரீஜ் மொலோனி பணத்தைக் கட்டிவிட்டாள்.
மூன்றாம் நாளே, நேரில் வந்து,
சில்லறையாக.
ரசீதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
எனக்கு நன்றி சொன்னாள்.
அதில் எது ஒளிந்திருந்தது என்று
அன்றைக்கு நான் படித்துப் பார்க்கவில்லை.

மணி பன்னிரண்டு ஆகப் போகிறது.
நூற்று நாற்பது சொல் அதிகம்.
எதை வெட்டுவது?

அல்டன் சொன்னது உண்மை.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
நானே இரண்டு முறை சரிபார்த்தேன்.